கொஞ்சம் வளைகிற பைண்டிங்

ஸ்காபரோவில் ஸ்நோபோர்ட் எனும் பனிச்சறுக்குப் பலகைகளுக்குக் கடை வைத்திருந்த அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததில்லை. பந்தய பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் கேட்டு வருபவர்களை முதலில் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்.

எனக்கு மறுநாள் பந்தயம். வேகத்துக்காக, இருப்பதிலேயே விறைப்பானதைக் கேட்டேன். ஒற்றைக்காலில் நின்றபோது இடது முழங்கால் நடுங்கியது.

"உந்தக் காலில என்ன?"

"போன வருசம் சவ்வு கிழிஞ்சது." புதுப் பயிற்சியாளரிடம்கூட அதை மறைத்திருந்தேன்.

"அப்ப உது வேண்டாம். ஐஸில அடிக்கிற அடி முழுக்க முழங்காலுக்குத்தான் ஏறும். கொஞ்சம் வளையிறதைப் பூட்டுறன்."

"வேகம் குறையுமே அக்கா."

"ஓம், குறையும்."

சொன்னபடியே வளைவதைப் பலகையில் பூட்டினார். பலகையை எடுத்துக்கொண்டு கோபமாக வெளியேறினேன்.

மறுநாள் நான்காவது வளைவில் பலகை ஐஸில் துள்ளியது. முழங்கால் தாங்கியது. மூன்றாமிடம் மயிரிழையில் கைநழுவிப் போனது. அவரால் பதக்கத்தை இழந்தேனா, காலைக் காத்தேனா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.