கினி பிசாவுக்கு எதிராக ரெங்கசாமி

ரெங்கசாமிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். பங்காளி இல்லை, பக்கத்துத் தோப்புக்காரரும் இல்லை. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கினி பிசாவு என்ற நாடு. இப்படி ஒரு பகை இருக்கிற விஷயம் அந்த நாட்டுக்கு இன்றுவரை போய்ச் சேரவில்லை என்பது வேறு.

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற வழியில், டிரைவருக்கு மனசிருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஓர் ஊரில் அவருக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு. வயது ஐம்பத்தெட்டு. உயரம் ஐந்தரை அடி; தோப்பைப் பற்றிப் பேசும்போது ஆறடி. தன் மரத்துக் கொட்டையின் கனத்தை விளக்க அவரிடம் ஒரு சம்பவம் உண்டு. மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் தலையில் ஒரு கொட்டை விழுந்ததாம். ஆடு நான்கு நாள் கழித்துத்தான் தன் குட்டியை அடையாளம் கண்டதாம். மனைவி செவந்தி பக்கத்தில் இருந்தால் நான்கு நாள் இரண்டு நாளாகக் குறையும். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டால் ஆடே வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

செவந்திக்குக் குணசேகரனின் முந்திரிக் கம்பெனியில் வேலை. பதினைந்து வருடம் கொட்டை உடைத்தவள், இப்போது வெட்டிப் பார்ப்பவள். கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு கிலோ எடுத்து, ஒவ்வொரு கொட்டையாக இரண்டாக வெட்டி, நல்லது, புள்ளி விழுந்தது, கெட்டது என்று மூன்று குவியலாகப் பிரிப்பாள். அந்தக் குவியலைப் பார்த்துத்தான் குணசேகரன் விலை சொல்வார். செவந்தியின் கத்தி பொய் சொன்னதில்லை என்று அந்தப் பக்கத்து வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அதில் வருத்தமும் உண்டு.

முன்பெல்லாம் கம்பெனி வருடத்தில் நாலைந்து மாதம்தான் ஓடும். பங்குனி, சித்திரையில் உள்ளூர்க் கொட்டை வரும். அது தீர்ந்ததும் பூட்டு. செவந்தி வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலத்தில் வியாபாரிகள் ரெங்கசாமியைத் தேடித் தோப்புக்கே வந்து, வரப்பில் காத்திருந்து, அவர் மோர் குடித்து முடிக்கும்வரை தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்கக் கொட்டை, முக்கியமாகக் கினி பிசாவுக் கொட்டை, மூட்டை மூட்டையாக இறங்க ஆரம்பித்தது. கம்பெனிக்குப் பூட்டு என்பதே இல்லாமல் போயிற்று. செவந்திக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம். ரெங்கசாமியைத் தேடி வந்தவர்களோ, "கப்பல் கொட்டை இருக்குண்ணே, இந்த வெலைன்னா போடுங்க" என்று போனிலேயே முடித்துக்கொண்டார்கள்.

ஆகவே ஒரே வீட்டுக்குள் இரண்டு தேசங்கள். கினி பிசாவு வாங்கிக் கொடுத்த நாற்காலியில், கினி பிசாவு வாங்கிக் கொடுத்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கினி பிசாவைத் திட்டுவதுதான் ரெங்கசாமியின் சாயங்கால வேலை.

"காத்து பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சுக்கிட்டுத் திட்டுங்க" என்பாள் செவந்தி அடுப்படியிலிருந்து.

இந்தப் பகைக்குச் சட்ட அறிவைச் சேர்த்துக் கொடுத்தவன் ஷாநவாஸ். மீமிசல்காரன், துறைமுகத்திலிருந்து கொட்டை லோடுகளை எடுத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிற ஏஜெண்ட். ஒருநாள் கம்பெனி வாசலில் செவந்திக்காகக் காத்திருந்த ரெங்கசாமியிடம் பேச்சுவாக்கில் சொன்னான்.

"ரொம்பப் பின்தங்கிய நாடுகள்னு ஒரு பட்டியல் இருக்குண்ணே. அதுல இருக்கிற நாட்டுச் சரக்குக்கு நம்ம அரசாங்கம் எறக்குமதி வரி போடாது. பொழச்சுக்கட்டும்னு ஒரு சலுகை. பக்கத்து நாடு கொஞ்சம் வசதியா இருந்தா, அவுகளுக்கு வரி உண்டு."

"ரெண்டு கொட்டையும் ஒரே மாதிரிதானப்பா இருக்கும்? எப்புடிக் கண்டுபிடிப்பான்?"

"பொறந்த நாட்டுச் சான்றிதழ் கூடவே வரும்ல."

"கொட்டைக்கா?" ரெங்கசாமிக்கு மூச்சு நின்றுவிட்டது. "எனக்கே பொறந்த சர்டிபிகேட் கெடையாது தம்பி. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மூஞ்சியைப் பாத்து ஒரு தேதி போட்டாரு!"

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். மூன்றாம் நாள் திங்கட்கிழமை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் பட்டாவுக்கும் பாதைக்கும் மனு கொடுக்க நின்றவர்களுக்கு நடுவே அவரும் வரிசையில் நின்றார். மனுவின் பொருள்: எங்கள் ஊரை மிகவும் பின்தங்கிய நாடு என்று அறிவித்துச் சலுகை வழங்கக் கோருதல்.

மனுவைப் பதிகிற பெண் இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தாள்.

"ஐயா, இது நாடுகளுக்குக் குடுக்கிறதுங்க."

"ஊரை நாடுன்னு எழுதிக்கங்க. எங்க ஊருக்கு பஸ்ஸே ரெண்டுதான் வருது. இதுக்கு மேல எப்புடிப் பின்தங்குறது?"

"அது சரிங்கய்யா. ஆனா உங்க கொட்டை கப்பல்லயா வருது? வெளிநாட்டுலருந்து வந்தாத்தான எறக்குமதி வரி? உங்க கொட்டைக்கு அந்த வரி எப்பவுமே கெடையாதே. இல்லாத வரியில எதைங்க தள்ளுபடி பண்றது?"

ரெங்கசாமி மனுவைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வரி அவரைத் தடுத்த சுவர் இல்லை, கப்பல் கொட்டையிடமிருந்து அவரைக் காத்த வேலி. அதைத்தான் எடுத்துவிட்டார்கள் என்பது பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பதில் கிடைத்தபோது சொல்ல அந்தப் பெண் பக்கத்தில் இல்லை. கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர், "சில்லறை இருக்காண்ணே?" என்றார்.

அந்த வருடம் அறுவடை முடிந்ததும் அவர் ஒரு சபதம் எடுத்தார். கப்பல் விலைக்கு ஒரு கொட்டை கூடத் தர மாட்டேன். பதினோரு மூட்டைகளையும் உள்ளறையில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். சலுகையை ரத்து செய்யப்போகிறார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதை அவர் வேதமாக எடுத்துக்கொண்டார்.

"அடியில பலகை போட்டு அடுக்குங்க" என்றாள் செவந்தி. "தரை ஈரம் இழுக்கும்."

"கப்பல்ல நனைஞ்சு வர்ற கொட்டைக்குத்தான் பலகையும் பாயும். இது பொறந்த மண்ணுல இருக்கு. என்னா ஆகும்?"

சபதத்துக்குக் கீழே ஒரு பயமும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மர வியாபாரி ஆண்டிச்சாமி இரண்டு தடவை டேப்போடு வந்து தோப்பை அளந்துவிட்டுப் போயிருந்தார். முந்திரியை வெட்டிவிட்டுத் தைலமரம் வைத்தால் தண்ணீரும் வேண்டாம், காவலும் வேண்டாம் என்பது அவர் யோசனை. "இந்த வருசக் கொட்டை போற வெலையைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று ரெங்கசாமி வாக்குக் கொடுத்துவிட்டார். பதினோரு மூட்டையும் விலை போகாவிட்டால் தோப்பு போகும். இதைச் செவந்தியிடம் அவர் சொல்லவில்லை. ஆண்டிச்சாமியின் மனைவி வழியாக அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது.

ஆனி போயிற்று, ஆவணி போயிற்று. சலுகை ரத்தாகவில்லை. ஐப்பசி பிறந்தபோதுதான் கடவுள் கண்ணைத் திறந்தார், அதுவும் துறைமுகத்தில். வர வேண்டிய லோடு ஒன்றின் பிறந்த நாட்டுச் சான்றிதழில் முத்திரை சரியில்லை. வேறு சான்றிதழ் வரும்வரை சரக்கு அசையாது. குணசேகரன் கம்பெனியில் வியாழக்கிழமைக்கு மேல் உடைக்கக் கொட்டை இல்லை. நாற்பது பெண்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் வேலை நிற்கப்போகிறது.

குணசேகரன் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"அண்ணே, உள்ள கொட்டை இருக்காமே?"

ரெங்கசாமி செவந்தியைக் கூப்பிட்டு மோர் கேட்டார். மோர் வந்தது. ஒரு வாய் குடித்தார். குணசேகரனைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். ஒரு டம்ளர் மோரை அவ்வளவு நேரம் குடித்தவர் அந்த மாவட்டத்திலேயே யாரும் இருக்க முடியாது. பிறகு ஒரு விலை சொன்னார். குணசேகரன் உட்கார்ந்திருந்ததால் விழவில்லை.

"சரிண்ணே. வெட்டிப் பாத்து, நீங்க சொல்ற அளவு தரம் இருந்தா அந்த வெலைக்கே எடுத்துக்கிறேன். ஆனா அக்கா வெட்ட வேணாம். வேற ஆளு வச்சிக்குவோம்."

"ஏன் தம்பி? என் பொண்டாட்டியே வெட்டட்டும்" என்றார் ரெங்கசாமி, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு.

அன்று சாயங்காலம் அவர் ஆலங்குடிக்குப் போய் இரண்டு முழம் மல்லிகையும் கால் கிலோ அல்வாவும் வாங்கி வந்தார். கல்யாணமான முப்பத்து மூன்று வருடத்தில் இரண்டும் ஒரே நாளில் வந்தது அதுதான் முதல் தடவை.

"யாருக்கு இது? கொட்டைக்கா?" என்றாள் செவந்தி.

"ஏன், ஒனக்கு வாங்கக் கூடாதா?"

"வாங்கலாம். நாளைக்கு வெட்டி முடிச்ச பெறகும் வாங்கலாம்." பூவை வைத்துக்கொண்டாள். அல்வாவையும் தின்றாள்.

மறுநாள் காலை கம்பெனிக் கூடத்தில் நாற்பது பேரும் கூடிவிட்டார்கள். பதினோரு மூட்டையும் வரிசையாக நின்றன. செவந்தி மூட்டைக்கு மூட்டை கையை உள்ளே விட்டு, மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து எடுத்தாள். தனித்தனியாக வெட்டினாள். முதல் மூட்டை, வெள்ளை. இரண்டாவது, வெள்ளை. தும்பைப்பூ மாதிரி பருப்பு, ஓடு நிறைய. ரெங்கசாமி ஆறடியை எட்டினார்.

"பாத்தியா சந்தனமேரி? ஒருநா ஒரு ஆட்டு மேல இது விழுந்து..."

"ஆடு செத்துப்போச்சாண்ணே?" என்றாள் கொட்டை உடைக்கிற சந்தனமேரி. போன தடவை கேட்டபோது பிழைத்திருந்தது.

எட்டு மூட்டைவரை அப்படித்தான். ஒன்பதாவதில் கத்தி இறங்கியபோது சத்தமே மாறிவிட்டது. உள்ளே கறுப்பு. பத்தாவது மூட்டையும் கறுப்பு. பதினோராவதில் பூஞ்சை. ரெங்கசாமி செவந்தியின் முகத்தைப் பார்த்தார். அவள் கொட்டையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவர் இருமினார். அவள் வெட்டினாள். கெட்ட குவியல் ஏறிக்கொண்டே போயிற்று. அவர் கண்ணுக்கு அது குவியலாகத் தெரியவில்லை. டேப்போடு நிற்கிற ஆண்டிச்சாமியாகத் தெரிந்தது.

"அது... அந்த ஒண்ணு வண்டு அரிச்சதா இருக்கும்" என்றார் மெதுவாக.

"வண்டு இல்ல, தரை" என்றாள் செவந்தி. கத்தியைத் துடைத்து வைத்தாள். "மூணு மூட்டை அடி வரிசை. குப்பைங்க. இதுல கினி பிசாவு தப்பு ஒண்ணும் இல்ல."

கூடமே சிரித்தது. ரெங்கசாமி ஐந்தரை அடிக்கும் கீழே வந்தார்.

குணசேகரன் சட்டென்று கணக்கைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எல்லாத்தையும் சேத்து சராசரி போட்ருவோம்ணே. பதினோரு மூட்டைக்கும் ஒரே வெலை. கப்பல் வெலை."

ரெங்கசாமி தலையாட்டப் போனார். அந்த நிமிடத்தில் எந்த விலைக்கும் தலையாட்டியிருப்பார்.

"எதுக்குங்க சராசரி?" செவந்தி எழுந்து நின்றாள். "கப்பல் லோடுல கெட்ட மூட்டை வந்தா தனியா எடுத்து வச்சிட்டு மத்ததுக்குத்தான வெலை பேசுறீங்க? போன மாசம் நாலு மூட்டை எடுத்து வச்சனே. அதே ஞாயம் இங்கயும். மூணு மூட்டையைத் தள்ளுங்க. எட்டு மூட்டைக்கு அவரு சொன்ன வெலை சரிதான். இத்தனை வருசத்துல நான் வெட்டின எந்த நாட்டுக் கொட்டையிலயும் இம்புட்டுப் பருப்பு வந்ததில்ல."

"அக்கா, நீங்க யாருகிட்ட சம்பளம் வாங்குறீங்க?"

"ஒங்ககிட்டத்தான். அதுக்குத்தான் மூணு மூட்டையைக் குப்பைன்னு சொன்னேன். வீட்டுக்காரர்கிட்ட வாங்கியிருந்தா பதினொண்ணும் தங்கம்னு சொல்லியிருப்பேன். அவரு குடுத்தது அல்வாதான்."

நாற்பது பேரும் கூடையோடு காத்திருந்தார்கள். குணசேகரன் அவர்களைப் பார்த்தார், எட்டு மூட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இந்தத் தடவைக்கு" என்றார்.

எட்டு மூட்டை ஐந்து நாள் உடைபட்டது. ஆறாம் நாள் புதுச் சான்றிதழோடு துறைமுகத்து லோடு வந்து சேர்ந்தது. உள்ளூர் விலை பழையபடி இறங்கியது. ரெங்கசாமி நடந்ததை ஒரு வாரம் மனசுக்குள் போட்டு உடைத்துப் பார்த்தார். கெட்ட மூட்டைகள் போக மிச்சமிருந்த பருப்பு ஒன்றுதான்: கப்பல் இருக்கும்போது அவர் கொட்டைக்குக் கப்பல் விலை; கப்பல் பிந்தினால் அவர் சொல்கிற விலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டிச்சாமி மூன்றாம் தடவையாக டேப்போடு வந்தார். ரெங்கசாமி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஷாநவாஸுக்குப் போன் போட்டார்.

"தம்பி, கினி பிசாவுல இப்ப மழை எப்புடி? நல்லா இருக்காகளா எல்லாரும்?"

அந்தப் பக்கம் ஷாநவாஸ் போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

"அடுத்த வருசம் எந்த மாசத்துல எந்தக் கப்பல் வருதுன்னு எனக்கு முன்னாடியே சொல்லிரு. ஐப்பசியில வர்றது ஒரு மாசம் பிந்தி வந்தா நல்லாருக்கும்."

"ஒரு மாசமா?" அடுப்படியிலிருந்து செவந்தி வெளியே வந்துவிட்டாள். "ஒங்க மூட்டை அஞ்சு நாளைக்குத்தான் காணும். மிச்ச நாளு நாங்க நாப்பது பேரும் என்னா பண்றது? வேணும்னா ஒரு வாரம் பிந்தட்டும்."

"இருபது நாளு."

"பத்து. அதுக்கு மேல ஒரு நாளு கூட முடியாது."

"அண்ணே, கப்பல் என்னா எங்க வீட்டு சைக்கிளா?" என்று போனுக்குள் ஷாநவாஸ் கத்தினான். யாரும் காதில் வாங்கவில்லை.

"பன்னெண்டு. அறையில பலகையும் போட்டுர்றேன்."

செவந்தி யோசித்தாள். "சரி, பன்னெண்டு" என்றாள்.

ஆண்டிச்சாமி டீயைக் குடித்து முடித்து, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பருப்பு வாங்கவே வந்தவர் மாதிரி கேட்டார்: "வீட்டுக்கு ரெண்டு கிலோ பருப்பு வேணும்ணே. உங்க தோப்புல காய்ச்சது இருக்கா?"