கண்டல்துறைத் தண்டவாளம்

சென்ற ஆடியில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு கண்டல்துறைக்குப் போனேன். திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் கோயிலையும் வெந்நீர்க் கிணறுகளையும் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போனது ஓர் இரும்புத் துண்டை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தோணித்துறைகளைப் பார்க்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தேன். கண்டல்துறையில் தோணியைக் கூப்பிடுவதற்கு ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பார்கள். அதை எங்கே தொங்கவிட்டால் எதிர்க்கரைக் குடிலுக்கு நன்றாகக் கேட்கும் என்று மூன்று நாள் நின்று ஆராய்ந்து, பதினொரு பக்க அறிக்கை எழுதினேன். பௌதிகத்தில் பட்டம் பெற்ற எனக்கு அவர்கள் தந்த ஒரே பௌதிக வேலை அதுதான். மேலதிகாரி அதை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். இரண்டு மாதத்தில் என்னை வவுனியாக் களஞ்சியத்துக்கு மாற்றினார். அன்று தொடக்கம் ஆணிப் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறேன். நான் சொன்ன இடத்தில் தண்டவாளம் இல்லாததைக் கண்ணால் கண்டு, படம் எடுத்து, என் அறிக்கை குப்பையில் கிடக்கிறதென்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். பயணத்தின் நோக்கம் அதுதான்.

வவுனியாவில் காலை 5.45 பஸ். அறுபது மைல், மூன்று ரூபா இருபது சதம். மூன்றரை மணித்தியாலம் என்பார்கள். எனக்கு நாலேகால் சென்றது. திருகோணமலை பஸ் நிலையத்தருகே இடியப்பமும் சொதியும் நன்றாக இருக்கும், தேநீரைத் தவிருங்கள். கிண்ணியா பஸ் 10.30க்கு. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கடக்கும்போது கமெராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நான் மடியில் வைத்திருந்ததற்கு ஒரு காவலாளி கால் மணித்தியாலம் விசாரித்தார். கிண்ணியாவில் பெரிய மிதவையில் கடக்க வேண்டும். வாகனங்கள் நிறையும்வரை அது அசையாது. அக்கரையில் நாளொன்றுக்கு இரண்டு ரூபாவுக்கு வாடகைச் சைக்கிள் கிடைக்கும். அங்கிருந்து கிழக்கே ஐந்து மைல் மணல் பாதை. ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியதால் மிதிக்கவே தேவையிருக்கவில்லை. அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன்.

கண்டல்துறையில் ஆற்றின் அகலம் முந்நூற்றைம்பது யார். மேற்குக் கரையில் தோணிக்காரரின் குடில். ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது, தண்டவாளமும் அங்கேதான். தோணிக்காரர் அசனார் காக்காவுக்கு (காக்கா என்றால் அங்கே அண்ணன்) அறுபது வயதிருக்கும். சைக்கிளைக் குடிலடியில் விட்டுவிட்டு அவருடன் கடந்தேன்.

கிழக்குக் கரையின் முனையில், நான் குறித்த அதே இடத்தில், நான் எழுதிய அதே ஆறடி உயரத்தில், ஒரு கொங்கிரீட் தூணில் தண்டவாளம் தொங்கியது. தூணில் பித்தளைத் தகடு. தகட்டில் மேலதிகாரியின் பெயர்.

பன்னிரண்டு வருடம் நான் கோபப்பட்டது தப்பான காரணத்துக்காக. இப்போது சரியான காரணம் கிடைத்துவிட்டது. கமெராவை எடுத்துத் தகட்டை ஒரு படம் பிடித்தேன்.

"நல்ல வேலை செய்திருக்கினம், காக்கா" என்றேன், அதை எழுதியவன் நான் என்று சொல்வதற்கு வாயைத் தயார் செய்துகொண்டு.

"நல்ல வேலதான் ஐயா. என்ட மகளக் கொண்டுபோன வேல."

கமெராவை இறக்கினேன்.

"முந்தி கச்சான் எழும்பினா இத ரெண்டு பேராத் தூக்கிட்டு அந்தா தெரியிற மேட்டுக்குப் போவம்" என்றார். "மாரி மழையில மேட்டு வழி தண்ணிக்குள்ள போயிரும். அப்ப திரும்ப முனைக்குக் கொண்டாருவம். வாப்பாட காலத்துல இருந்து அப்பிடித்தான். பொறகு அரசாங்கக் கந்தோரால ஆக்கள் வந்து சீமெந்து போட்டுட்டாங்க."

"மேட்டிலை வேறை ஒண்டு தொங்கவிட்டிருக்கலாமே?"

"கேட்டம். அதான் ஒண்டு இருக்கே எண்டுட்டாங்க."

இரண்டு வருடங்களுக்கு முன், இதே ஆடியில், அவருடைய மகளுக்கு விடியுமுன் பிள்ளைப்பேற்று வலி எடுத்தது. மருமகன் லாபீர் அவளை முனைக்குக் கொண்டுவந்து தண்டவாளத்தை அடித்தார். அவர் தூக்கிக் காட்டிய விளக்கைக் காற்று அணைத்துவிட்டது. வெளிச்சம் வந்த பிறகுதான் அசனார் காக்கா ஆட்கள் நிற்பதைக் கண்டார். கிண்ணியா மிதவையைக் கடக்குமுன் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

"நான் நித்திர எண்டு லாபீர் சொல்றான். அண்டையில இருந்து கதையில்ல. பகல்ல நான் ஆளக் கண்டுதான் தோணிய எடுக்கிற. அடிக்கிறவனுக்கு இரும்பு கேட்டு வந்தன் எண்டு நெனப்பு. காத்தச் சொன்னா, சாட்டுச் சொல்றன் எண்டுறாங்க." எதிர்க்கரைக் குடிலைப் பார்த்தார். "சிலவேள எனக்கே தெரியல்ல ஐயா, நித்திரதானோ எண்டு."

அறிக்கையின் ஏழாம் பக்கம் எனக்கு மனப்பாடம். 'தண்டவாளத்தைப் பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றுவது காரணமற்ற பழக்கம். முனையில் நிரந்தரமாகப் பதிக்க வேண்டும்.' நான் அங்கே நின்றது தை மாதம். மூன்று நாளும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று, சத்தத்தைத் தூக்கிக் குடிலடியில் போட்ட காற்று. எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவனின் தலைக்கு மேலால் போய்விடும். அதனால்தான் மேடு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடப் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. முழுப் புள்ளி வாங்கினேன்.

லாபீர் துறையிலிருந்து நூறு யார் தள்ளி ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். முப்பது வயதுக்காரர்.

"மாமா அனுப்பினாரா?" என்றார்.

"இல்லை. நான் சத்தத்தைப் பற்றிப் படிச்சனான். கச்சானுக்கை அது அங்காலை கேக்காது, தம்பி."

"படிச்சவங்க வந்துதான் அத அங்க நட்டாங்க."

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "நீங்களே போய்க் குடிலடியிலை நில்லுங்கோ. நான் அடிக்கிறன். கேட்டால் சால்வையைத் தூக்குங்கோ."

அவர் கடைப் பலகையைச் சாத்தினார்.

தோணியில் லாபீர் முன்பக்கம், மாமனாருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து போனார். மூன்று இருபதுக்கு அடிக்கத் தொடங்கினேன். அருகில் நிற்பவனுக்கு அது காதைப் பிளக்கும் சத்தம். இது கேட்காமல் போகுமென்று யாரும் நம்பமாட்டார்கள். எதிர்க்கரையில் இருவரும் பத்தடி இடைவெளி விட்டு நின்றார்கள். சால்வை எழவில்லை. லாபீர் குடிலுக்குள் போய் வந்தார். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து தலையைச் சரித்துக் கேட்டார். நான் இன்னும் பலமாக அடித்தேன். சால்வை எழவில்லை. பிறகு அவர் மணலில் உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார். கனநேரம் கழித்து அசனார் காக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நிறுத்துவதற்கு எந்தச் சைகையும் பேசிவைக்கவில்லை. அதனால் அடித்துக்கொண்டே இருந்தேன்.

தோணி என்னை எடுக்க வந்தபோது மணி நாலரை. கூலி இருபத்தைந்து சதத்தை அசனார் காக்கா வாங்கவில்லை.

"ஒங்கள அல்லாதான் அனுப்பி வெச்சிருக்கான்" என்றார்.

நான் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். திரும்பும் ஐந்து மைலும் எதிர்க்காற்று. ஒன்றேமுக்கால் மணித்தியாலம் சென்றது. கிண்ணியாவில் கடைசி மிதவை ஏழு மணிக்கு.

போகிறவர்களுக்கு: வைகாசி முதல் புரட்டாதி வரை அங்கே தண்டவாளத்தை நம்பாதீர்கள். பகலென்றால் வெள்ளைத் துணியை வீசுங்கள். இருட்டென்றால் முனையிலிருந்து தெற்கே இருநூற்றிருபது அடி வைத்தால் மேடு வரும்; அதில் ஏறி, காற்றுக்கு மறைவு கட்டி நெருப்பு மூட்டுங்கள். மேட்டில் இன்னொரு தண்டவாளம் வேண்டுமென்று அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். இந்த முறை மூன்று வரிதான்.

லாபீருக்குக் காற்றைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை. எடுத்த படத்தைக் கழுவிப் பார்த்தேன். தகடு நன்றாக விழுந்திருக்கிறது. அதிலிருக்கும் பெயர் பிழை. அங்கே போகிற யாராவது, திரும்பத் தோணியில் ஏறுமுன், இந்தக் கட்டுரையை அவர்கள் இருவருக்கும் உரத்து வாசித்துக் காட்டுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் கேட்கும்படி பக்கத்தில் நின்று வாசியுங்கள்.