தங்கை வீட்டுப் பட்டிமன்றத்துக்கு நான் நடுவர்

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்ப மாட்டீர்கள்.

என் தங்கை தன் மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பழைய முறையில் செய்யுள், இலக்கணம், தர்க்கம் என்று படிக்க வைக்கிறாள். நாலு வயதுக் கடைக்குட்டி செய்யுள் சொன்னால், மூடிக் கிடக்கும் நீடாமங்கலம் ரயில்வே கேட் தானாகத் திறந்துகொள்ளும்.

இன்று அங்கே பட்டிமன்றம். படிக்கச் சிறந்தது வீடா, பள்ளியா? நடுவர், மூவுலகும் போற்றும் நான்.

எட்டு வயதுப் பையன் வீட்டுக்காக முழங்கினான். பன்னிரண்டு வயது மூத்தவள் பள்ளிக்காகப் பேசினாள். "என் வயசுப் பொண்ணு ஒருத்தி பக்கத்துல உக்காந்திருப்பா. எனக்கு அது போதும்" என்று முடித்துக்கொண்டாள்.

அடுக்களையில் தங்கை மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வாசனை வந்த திசையைப் பார்த்து, "வீடே!" என்று தீர்ப்பளித்தேன். கைதட்டலில் வெண்ணாறு கரை உடைத்தது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது மூத்தவள் வாசல்வரை வந்தாள்.

"நான் போட்டிக்காகப் பேசல மாமா. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்கன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொடுத்த தீர்ப்பைத் திரும்ப வாங்க நடுவருக்கு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேட் திறக்கவில்லை, ஆறும் உடையவில்லை. வாசலில் அவள் சொன்னது மட்டும் நிஜம்.