கிரிஜா மேடத்தின் கொட்டகையில் பழகிய கைகள்

இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது போன் வந்தது. "கிரிஜா மேடம் போயிட்டாங்கப்பா. மாரடைப்பு." எங்கள் ஃபாக்டரியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவர். டிபன் டப்பாவோடு அப்படியே ஓடினேன்.

ஓசூரில் அவர் வீட்டுப் பின்புறக் கொட்டகை உங்களுக்கெல்லாம் தெரியும். ஞாயிறானால் ஃபிட்டர், நர்ஸ், தையற்காரர் எல்லோரும் அங்கேதான். கெட்டுப்போன சாமானைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தவரேதான் திறக்க வேண்டும். "உன் மிக்சி, நீயே கழட்டு. கடிச்சிடுமா என்ன?" என்பார்.

வெப்கேமரா லென்ஸைத் திருப்பிப் போட்டு மைக்ராஸ்கோப் செய்தோம். தொட்டித் தண்ணீரின் ஒரு சொட்டில் ஏதேதோ நெளிந்தன. "பாரு, ஒரு ஊரே குடியிருக்குது. வாடகைகூட குடுக்கறதில்ல!" தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதிக்க வீட்டுக் குக்கரிலேயே கடல்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, அதில் கிருமி வளர்த்தார். "தாயே, இனிமே அதுல எனக்குச் சோறு வெக்காதே," என்று கும்பிட்டார் கணவர் ராகவன். தட்டில் முளைத்த கிருமிப் புள்ளிகளைப் பார்த்த தெருப் பெண்கள் நகராட்சிக்குப் போய் நின்றார்கள். குழாயை மாற்றிய பிறகுதான் திரும்பினார்கள்.

இனி சொல்லப்போவது சொல்லக் கூசும் சங்கதி. டெல்லியில் படிக்கும் மகள் மறுநாள் காலையில்தான் வந்துசேர முடியும். அதுவரை உடலை வைக்க வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டி சாயங்காலமே நின்றுபோனது. கடைக்காரர் கிருஷ்ணகிரியில் இன்னொரு சாவு வீட்டில் இருந்தார். காலையில்தான் வருவேன் என்றார்.

ராகவன் எங்களைப் பார்த்தார். "நீங்கல்லாம் அவகிட்ட கத்துக்கிட்டவங்கதானே? யாராச்சும் தொறந்து பாருங்களேன்."

கொட்டகைக்காரர்கள் பதினைந்து பேராவது இருந்திருப்போம். "வாடகைப் பெட்டி, எதுக்கு வம்பு," என்றார் ஒருவர். "உள்ளே அவங்க இருக்கும்போதா?" என்றார் இன்னொருவர். நான் அதுகூடச் சொல்லவில்லை. ஐஸ் பார் வாங்கிவரப் போகிறேன் என்று நழுவிவிட்டேன். வாங்கிவந்து அடுக்கினாலும் சித்திரை வெக்கையில் ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்?

காலையில் மகள் வந்தாள். முகத்துணியை விலக்கப் போனவளைப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். "வேணாம்மா, பழைய மொகமே மனசுல இருக்கட்டும்." துணிமேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

எடுத்த பிறகு கடைக்காரர் வந்தார். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, விலகியிருந்த ஒரு ஒயரைச் செருகினார். காலிப் பெட்டி குளிர ஆரம்பித்தது.

அங்கே நின்ற நண்பர்கள் கோபிக்க வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம்தான். மகள் இன்னும் டெல்லிக்குத் திரும்பவில்லை, ஓசூரில்தான் இருக்கிறாள். துக்கம் விசாரிக்க நான் இதுவரை போகவில்லை.