எல்லாம் பார்வதி பேரில்

பாத்திரத்தில் பெயர் வெட்டிப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளில் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம், ராயபுரத்தில், எங்கள் எதிர் வீட்டு வாசலில்.

எதிர் வீட்டுக்காரன் கோதண்டம் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவர். பெயர் வெட்டுகிறவரைக் கூட்டி வந்து உட்கார வைத்து, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே இறக்கிக்கொண்டிருந்தான். குடம், செம்பு, அண்டா, டிரங்குப் பெட்டி, தகர நாற்காலி... கடைசியில் சைக்கிள் மட்கார்டு. எல்லாவற்றிலும் ஒரே பெயர் — பார்வதி. அவன் மனைவி.

இதென்ன திடீர்க் காதல் என்று தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. யோசனை சொன்னவனே நான்தானே!

அதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வந்திருந்தான்.

"சார், ஒரு தோஸ்துக்கு ஜாமீன் போட்டேன், பேஜாரா பூட்ச்சு. வூட்டாண்ட ஜப்திக்கு வரப்போறானுங்களாம். இன்னா பண்லாம்? நீதான் பேப்பர்ல எய்துற ஆளாச்சே!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குச் சட்டம் தெரியும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ! ஆனால் "எனக்குத் தெரியாதப்பா" என்று சொல்ல மனசு வரவில்லை. உங்களுக்கு வருமா? ஒரு வக்கீல் நண்பரிடம் எப்போதோ அரைகுறையாகக் கேட்டதை வைத்து அளந்துவிட்டேன். கடன் உன்னுடையது, மனைவியின் சொத்தை அதற்காகத் தொட முடியாது என்று.

"அப்போ அவ போஸ்டாபீஸ் புக்கு?"

பார்வதி கருவாடு விற்கிறவள். தெருத் தெருவாகக் கூடை சுமந்து சேர்த்த பணம் போஸ்டாபீஸ் சேவிங்ஸ் பாங்கியில் அவள் பெயரில் இருந்தது. அவள் சம்பாத்தியம், அவள் கணக்கு, ஒருவரும் கை வைக்க முடியாது என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே தன் பணத்தையும் எடுத்து அவள் கணக்கில் போட்டான். அப்புறம்தான் இந்தப் பெயர் வெட்டும் படலம். அவன் வேலைக்கு எடுத்துப் போகும் சோற்றுத் தூக்கைக்கூட விடவில்லை. "இன்னா பார்வதி, சாப்டியா?" என்று ஹார்பரில் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

போன வாரம் கோர்ட்டு ஆள் வந்தார், கூடவே ஒரு போலீஸ்காரர். வாசலில் நின்று உத்தரவை உரக்கப் படித்தார். மனுதாரர் சரோஜா... மைனர் பெண் மல்லிகா, வயது எட்டு... ஜீவனாம்ச பாக்கி...

சரோஜா கோதண்டத்தின் மூத்த தாரம். இரண்டு பெண்டாட்டி கூடாதென்று சட்டம் வருவதற்கு முன்பே அவளைத் திருவொற்றியூரில் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, பார்வதியைக் கட்டிக்கொண்டான். அது பார்வதிக்கும் தெரியும். ஆனால் குழந்தைக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதாக அவளிடம் சொல்லிக்கொண்டே, ஒரு தம்பிடிகூடக் கொடுக்காமல் இருந்தானே — அது அவளுக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாது. ஜாமீனும் இல்லை, தோஸ்தும் இல்லை! எட்டு வயதுக் குழந்தையின் சோற்றுக்கு டிமிக்கி கொடுக்க நான் வழி சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன். "ஏன், நன்றாகப் பாருங்களேன், உங்க யோசனைதானே?" என்றாள் என் மனைவி.

பார்வதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை.

"சார், இந்த வூட்ல கீற சாமான் அல்லாம் என்து. பாத்துக்கோ, பேரு போட்டுக்கீது. இந்த ஆளு மேல மட்டுந்தான் போடல. வோணும்னா இட்டுகினு போ!"

போலீஸ்காரர் மீசைக்குள் சிரித்தார். கோதண்டத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஒரு நாளு டயம் குடு சார், நாளைக்கு கட்டிர்றேன்" என்றாள் அவளே, கோர்ட்டு ஆளிடம்.

மறுநாள் காலை பாஸ் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள், பணம் எடுக்கிற பாரம் பூர்த்தி செய்ய. "அவன் போட்டது மட்டும் எய்து சார். என் கருவாட்டுத் துட்டு அப்டியே இருக்கட்டும்."

எழுதினேன். கை நாட்டு வைத்தாள். பாக்கி முழுசும் கோர்ட்டுக்குப் போயிற்று. மீதியிலிருந்து மாதாமாதம் சரோஜாவுக்கு மணியார்டர் போகும். மனைவியின் கணக்கை ஜப்தியிலிருந்து காப்பாற்ற வழி கேட்டானே, இதைவிடப் பத்திரமாகக் காப்பாற்ற யாரால் முடியும்?

"அது என் துட்டு!" என்று குதித்தான் கோதண்டம்.

"யாரு பேர்ல கீது?" என்றாள்.

என்னைப் பார்த்தான். "இன்னா சார், நீதானே சொன்ன?"

"அதையேதான் இப்போதும் சொல்கிறேன். அவள் கணக்கில் ஒருவரும் கை வைக்க முடியாது" என்றேன்.

நம் ஆண்பிள்ளைகள் சங்கதியே இதுதான். வரி, கடன், ஜப்தி என்றால் உடனே "மனைவி பேரில் எழுது!" பெயரை மட்டும்தான் கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு அது வெறும் பெயர் இல்லை என்பது ஏனோ நமக்குத் தோன்றுவதே இல்லை.

நேற்று பெயர் வெட்டுகிறவர் மறுபடியும் வந்திருந்தார். பார்வதிதான் கூப்பிட்டனுப்பினாளாம். ஒரே ஒரு சாமான்தான். பளபளவென்று ஒரு சின்னப் பித்தளைத் தூக்கு, பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக. கோதண்டம் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"என்ன பேரும்மா?"

"கோ. மல்லிகான்னு வெட்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வேலை முடிந்ததும் பார்வதி தூக்கை அவன் கையிலேயே கொடுத்தாள். "நீயே எட்த்துகினு போய்க் குடு." பார்வதி பெயர் வெட்டிய சைக்கிளில் ஏறி அவன் திருவொற்றியூர்ப் பக்கம் போனான்.

அந்த வீட்டுச் சாமான்களிலேயே அவன் பெயர் ஏறியது அது ஒன்றில்தான் — அதுவும் ஒரே எழுத்து!