பத்து ரூபாய்க்கு முந்தலாம்

அஃப்ரித் செய்த வீடியோ கேமில் பெரும்பாலும் நிற்கத்தான் வேண்டும். எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி, ஹார்பர் கேட்டுக்குப் போகும் லைனில் நிற்கிறது. முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தால் நீங்களும் ஒரு முழம் நகரலாம். அசந்தால் பக்கத்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைப்பான். அப்போது முன்னும் பின்னும் நிற்கிற மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து, பம்பரோடு பம்பர் ஒட்டி அவனை மடக்க வேண்டும். அதற்கென்று ஒரு பட்டன். கேமின் உயிரே அந்தப் பட்டனில்தான்.

ராயபுரத்தில் பிறந்து, அத்தா கலீலுல்லா ஓட்டும் டிரெய்லரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவனுக்கு இது கற்பனை இல்லை. அந்த லைனில் முன்பின் தெரியாதவனுக்கும் சோறு கிடைக்கும். குறுக்கே பூந்தவனுக்குத் தண்ணிகூடக் கிடைக்காது.

பாதி வேலையில் கைக்காசு தீர்ந்தது. முதலீட்டாளராக வந்து சேர்ந்தார் ஜெரின். நாகர்கோவில் பூர்வீகம், டோல்கேட் பக்கம் பிளாஸ்டிக் குடம் மொத்த வியாபாரம். வாழ்க்கையில் ஒரு கேம்கூட விளையாடியதில்லை. அதையும் பெருமையாகவே சொல்வார்.

"பச்சக் குடம் ஓடலன்னா செவப்ப அடுக்குவேன் மக்கா. எனக்கென்ன குடம் மேல காதலா?"

இதற்குப் பெயர் மார்க்கெட் ஞானமாம்.

முதல் வாரம் லாரிக்கு நெருப்புப் படம் ஒட்டச் சொன்னார். அடுத்த வாரம் டிரைவருக்குத் தொப்பை கூடாதென்றார். கேமுக்குப் படம் வரையும் ஜோதிகா தொப்பையைச் சீவிவிட்டு, "அடுத்து லாரியே வாணாம்பாரு, பாத்துகினே இரு" என்றாள். அவர் லாரியைத் தொடவில்லை. லைனைத் தொட்டார்.

"பத்து ரூவா கட்டுனா முன்னால போயிரலாம். அப்படி ஒரு பட்டன் வையி."

"சார், அது லைன்ல பூர்றது. பூர்றவன மடக்குறதுதான் கேமே!"

"ஆறு மணி நேரம் சும்மா நிக்கானுவ டிரைவர்மாரு. கையில போன் இருக்கு. இதவிட மார்க்கெட்டு எங்க மக்கா கெடைக்கும்?"

பத்து ரூபாய் பட்டனையும் வைத்து அந்த மார்க்கெட்டையே சோதித்தார்கள். கடைக்குக் கடை சாம்பிள் குடம் கொடுப்பதுபோல, லைனில் நின்ற நாற்பது டிரைவர்களின் போனில் கேமை ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் பத்து ரூபாய் பட்டனை அழுத்தியவர் ஒருவர்கூட இல்லை. மடக்கும் பட்டனைத்தான் திரை தேயத் தேய அழுத்தியிருந்தார்கள்.

அஃப்ரித் ஓடிப்போய் இதைச் சொன்னான். ஜெரின் இன்னொரு தாளை நீட்டினார். கல்லூரிப் பிள்ளைகளிடம் அவர் தனியே செய்த சோதனை. அவர்கள் பத்துப் பத்தாகக் கட்டி முந்தியிருந்தார்கள். முந்தியவனை மற்றவர்கள் மடக்கியதும், காசு கட்டியவர்கள் கடுப்பாகிக் கேமையே அழித்துவிட்டார்கள்.

"டிரைவரு நம்ம மார்க்கெட் இல்ல மக்கா" என்றார் ஜெரின், போன வாரம் பேசியது வேறு யாருடைய வாயோ என்பதுபோல. "காசு குடுத்தவன மடக்குனா மறுபடி குடுப்பானா? மடக்குறத எடு. எடுத்தாத்தான் ரிலீஸு. இல்லன்னா எனக்குக் குடம் இருக்கு."

அஃப்ரித் ரெண்டு நாள் பேஜாராகத் திரிந்தான்.

"அத எடுத்தா இன்னாடா மிச்சம் கீது?" என்று ஜோதிகா கேட்டாள்.

மூன்றாம் நாள், வேறெவனாவது கை வைத்தால் அசிங்கமாக வெட்டிவிடுவான் என்று காரணம் சொல்லிக்கொண்டு, அவனே உட்கார்ந்து அந்தப் பட்டனைத் தடயமில்லாமல் எடுத்தான். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. வேலை அத்தனை சுத்தம் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு வேறு.

கேம் வெளியாகி நன்றாகவே ஓடியது. நாலாம் நாள் லைனிலிருந்து கலீலுல்லா போன் செய்தார்.

"டேய் நைனா, எவனெவனோ என் முன்னாடி பூந்துகினே கீறான். மடக்கலாம்னா பட்டனக் காணோம். கேமு கெட்டுப்போச்சாடா?"

"கெடல அத்தா, எடுத்துட்டோம். நீயும் பத்து ரூபா கட்டுனா முன்னாடி பூடலாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

"முப்பது வருசமா லைன்ல நிக்கிறேன். பூந்தான்னு ஒருத்தன் என்னச் சொன்னதில்ல. பெத்த புள்ள நீ எனக்குப் பூரச் சொல்லித் தர்றியா?"

"அது சும்மா கேமுதானே அத்தா..."

"சும்மாவா? அப்ப எட்டு மாசமா இன்னாத்தடா செஞ்ச?"

அந்தப் பக்கம் ஹாரன்கள் அலறின.

"வண்டி நவுருது, வெய்யி போன" என்றார் கலீலுல்லா.