செருப்போடு கழற்றிய கால்

கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் நான் இருந்தேன். என் மச்சான் இருந்தான். மீன் வாங்கும் அக்கா இருந்தார். அலைச்சறுக்குப் போட்டிக்குப் பழக, பலகையோடு வந்த ஒருவர் இருந்தார். தோள் பெருத்த ஆள். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால்.

படகில் ஏறுமுன் மீனவர்கள் நாங்கள் செருப்பைக் கழற்றுவோம். அவர் கடலில் இறங்குமுன் செருப்போடு காலையே கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மண்ணு போகாம பாத்துக்குங்கண்ணே."

"ஒத்தக் கால்ல ஒரு அலைகூட ஏற முடியாதுங்க," என்றான் மச்சான்.

"விழுறத எண்ணாதீங்க. கரைக்கு வர்றத மட்டும் எண்ணுங்க."

பலமுறை கவிழ்ந்தார். பிறகு பலகையில் வலது முழங்காலால் மண்டியிட்டு, இடது காலை ஊன்றி, அலைமேல் நிமிர்ந்து வந்தார். மச்சான் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று எண்ணினான். நான் அந்தக் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

அவர் கரைவரை ஏறி வந்தது பதினொரு அலை.